புட்டுத்தடியும் தட்டுக்கழியும்

நடன வகுப்பின் ஆண்டு விழாவுக்கு இன்னும் ஆறு வாரமே இருக்கின்றதென்ற அறிவித்தல் கிடைத்த அன்றே எமது வீட்டில் வேலைப் பகிர்வு நடந்தேறியது. உடை, நகை, பூ, கண்மை முதலியன இல்லாளின் பொறுப்பு. எமக்கென எஞ்சியது ஒன்றே: மாலை வேளையில் மகள் அலாரிப்புப் பழகும்போது தாளம் தட்டுதல். இலகுவான வேலையென்று எண்ணி மனமுவந்து ஏற்றுக்கொண்டோம்.

இவ்விழா அரங்கேற்றமன்று. அரங்கேற்றத்திலே பல்லாண்டு பயின்ற ஒருத்தி தனித்து நின்று முழுக் கச்சேரியும் ஆடுவாள். இங்கோ சிறுமியர் அறுவர் கூடி மூன்று நான்கு நிமிடம் ஆடிவிட்டு இறங்கிவிடுவர். ஆயினும் எட்டு வயதுப் பிள்ளைக்கு மேடை மேடைதான். முன் வரிசையில் மூவர், பின் வரிசையில் மூவர் என்பது ஏற்பாடு. எமது மகள் முன் வரிசையில் நடுவே நின்றாள். இச்செய்தி எமது உறவினர் அனைவருக்கும் எம்மாலேயே எட்டியது.

தட்டுக்கழி எம்மிடம் இல்லை. புட்டுக் குழலிலிருந்து புட்டைத் தள்ளும் தடியையும், மரக்கறி வெட்டும் பலகையையும் அடுக்களையிலிருந்து கொண்டுவந்தோம். நாற்காலியில் அமர்ந்து ஒரு கையால் தட்டிக்கொண்டே மறு கையில் பத்திரிகையைப் பிடித்து வாசித்தோம். எந்தப் பத்திரிகை என்பதைச் சொல்லாமல் விடுவது எமக்கு நல்லது.

அலாரிப்பு கச்சேரியின் முதல் உருப்படி. அலர்தல் என்றால் மலர்தல். கண்ணிலும் கழுத்திலும் தொடங்கும் அசைவு தோளுக்கும் கைக்கும் பரவி, காலுக்கு இறங்கி, உடல் முழுவதும் விரியும். அலாரிப்பில் தொடங்கித் தில்லானாவில் முடியும் இந்தக் கச்சேரி ஒழுங்கைப் பத்தொன்பதாம் நூற்றாண்டின் முற்பகுதியில் வகுத்தவர்கள் தஞ்சை நால்வரான சின்னையா, பொன்னையா, சிவானந்தம், வடிவேலு என்ற சகோதரர்கள். அவர்கள் வகுத்த ஒழுங்கிலே அடுக்களைத் தடியோடு நுழைந்தவர்கள் நாமாகத்தான் இருப்போம்.

சிறுமியர் முதலிற் பழகுவது திஸ்ர நடை அலாரிப்பு. தகிட, தகிட என்று மூன்று மூன்றாய் இடைவெளியின்றி ஓடவேண்டும். நாமும் மூன்றுதான் தட்டினோம். ஆனால் ஒவ்வொரு மூன்றின் முடிவிலும் சிறிது மூச்சு வாங்கினோம். எமது உடலின் பருமன் அத்தகையது. அந்த மூச்சு நாலாவது எண்ணாகிவிட்டதை நாம் உணரவில்லை. பிள்ளை உணர்ந்தாளோ இல்லையோ, அவளுடைய கால் உணர்ந்துகொண்டது. ஒவ்வொரு முறையும் அப்பாவுக்காகக் காத்து நிற்கப் பழகிற்று.

மூன்று வாரம் சென்றபின் மகள் பயிற்சிக்கு எம்மை அழைப்பதை நிறுத்திவிட்டாள். கேட்டால், "அப்பாவுக்கு வேலை இருக்கும்" என்றாள். காரணத்தை இல்லாள் மூலமே அறிந்தோம். ஒத்திகையிலே மற்ற ஐவருக்கும் பிந்தி இவள் கால் விழுந்திருக்கிறது. ஆசிரியை இரு முறை நிறுத்தித் திருத்தியும் சரிவரவில்லை. இவளைப் பின் வரிசையின் ஓரத்துக்கு மாற்றிவிட்டார். "வீட்டிலே பழகுவதில்லையா?" என்று கேட்டதற்கு, "இல்லை, ரீச்சர்" என்று பிள்ளை தலைகுனிந்திருக்கிறாள். நாள்தோறும் பழகிய பிள்ளை எம்மைக் காட்டிக்கொடாமல் அப்பழியைத் தானே ஏற்றிருக்கிறாள். அன்றிரவு எமக்கு உணவு இறங்கவில்லை.

மறுநாள் மாலை வகுப்பு முடியும்வரை வாசலில் நின்று, ஆசிரியையிடம் குற்றத்தை ஒப்புக்கொண்டோம். தட்டிக் காட்டச் சொன்னார். தட்டினோம். சிரிப்பை அடக்கியதாகவே தோன்றியது. தாளத்தைக் கைத்தொலைபேசியில் பதிந்து தந்தால் நாம் விலகிவிடலாமே என்று கேட்டோம்.

"ஒலிப்பதிவு இவ்வளவு சின்னப் பிள்ளைக்காகக் காத்து நிற்காது. நீங்களே தட்டுங்கோ. ஆனால் பேப்பரை வைத்துவிட்டுப் பிள்ளையின் காலைப் பார்க்கவேணும்" என்றார். பத்திரிகை விடயம் அவருக்கு எவ்வாறு தெரிந்ததோ!

திஸ்ரம் பிடிபட ஒரு வழியையும் சொல்லித்தந்தார். மூன்றெண்ணிக்கொண்டே நடக்கவேண்டும். முதலெண் ஒரு முறை வலக்காலில் விழுந்தால் அடுத்த முறை இடக்காலில் விழும். மாறாமல் ஒரே காலில் விழுந்தால் இடையிலே நாலாவதொன்று புகுந்துவிட்டதென்று அறியலாம். அன்று தொடக்கம் வெள்ளவத்தை மரைன் டிரைவ் வீதியில் மாலைதோறும் தகிட, தகிட என்று முணுமுணுத்து நடந்தோம். முதல் இரண்டு நாளும் எல்லாம் வலக்காலிலேயே விழுந்தன. கடலோரப் புகையிரதம் கடந்து சென்ற ஒரு மாலையில் திடீரென்று கால் மாறி மாறி விழத் தொடங்கியது. எதிரே வந்தவர்கள் எம்மை விலகி நடந்தமைக்கு அதுவே காரணமாயிருக்கலாம்.

பின்பு தரையிலே மகளுக்கு எதிரே சம்மணமிட்டு அமர்ந்து தட்டினோம். அப்பொழுதுதான் அவள் பாதங்களைச் சரியாகப் பார்த்தோம். அரைமண்டியிற் சிறிது நேரம் நின்றதும் இடது குதிகால் மெல்ல உயர்வதையும், களைப்பு வந்தால் உதட்டைக் கடிப்பதையும் கண்டோம். அவள் களைக்கும்போது நாமே நிறுத்தினோம். காத்து நிற்கும் பழக்கம் எளிதிற் போகவில்லை. ஒரு வாரத்தில் கற்றதை மறக்க இரண்டு வாரம் வேண்டியிருந்தது.

விழா நாளில் இல்லாள் விசிறி மடிப்பிலும் நெற்றிச்சுட்டியிலும் ஊசி ஊசியாகப் போராடினாள். எமது ஆசிரியை அதற்கெனப் பூசை செய்த பின்னரே சதங்கை கட்டவிடுவாராதலால், அறுவரும் வெறுங்காலுடனேயே மேடையேறினர். சதங்கை இல்லாவிட்டால் பிந்தும் காலின் ஓசை நன்றாகக் கேட்கும். எமக்கு அதுவே பயம். இருந்த இடத்திலிருந்து மகளின் கொண்டைப் பூவும், அவ்வப்போது ஒரு கையுமே தெரிந்தன. ஆசிரியை அவளை முன் வரிசைக்கு மீட்டுவிடவில்லை. மீட்டிருந்தால் முன்னே பழகிவிட்ட இன்னொரு பிள்ளை அழ நேர்ந்திருக்கும். ஆறு சோடிக் கால்களும் ஒன்றாக விழுந்தனவா? எமது காதுக்கு ஒன்றாகவே விழுந்தன.

வீடு திரும்பும் வழியில் முச்சக்கரவண்டியிலே மகள் எமது மடியில் சாய்ந்திருந்தாள். கண்மை கன்னத்தில் இறங்கியிருந்தது.

"அப்பா, நான் ஆடேக்குள்ள நீங்கள் இடையிலை மூச்சு விட்டனீங்களோ?" என்று கேட்டாள்.

முழுவதும் முடியும்வரை விடவே இல்லை என்றோம்.