தலையெழுத்தா, எழுத்துருவா?

வேதத்தைக் காதால் கேட்ட சூத்திரனுக்கு, அந்தக் காதிலேயே ஈயத்தைக் காய்ச்சி ஊற்றச் சொல்கிறது கௌதம தர்ம சூத்திரம். இதை மேடைதோறும் எடுத்துக் கூறி, கல்வியைப் பூட்டி வைத்த கயமையைக் கண்டித்து முழங்கியவன் நான், கைதட்டலும் பெற்றவன். ஈயக் கரண்டி என் கையிலும் இருந்ததை எனக்கு உணர்த்தியவர், என்னிடம் பயிலும் பார்வையற்ற மாணவர் ஒருவர்.

பல்கலைக்கழகத்தில் தமிழ் கற்பிக்கிறேன். பாடக் குறிப்புகளை மின்கோப்புகளாக்கி மாணவர்க்கு அனுப்புவேன். அதிலே எனக்கொரு பெருமையும் உண்டு. ஒரு நாள் மாலை அவர் வந்தார். "ஐயா, தாங்கள் அனுப்பியதைச் சற்றுக் கேட்கிறீர்களா?" என்றார். படிக்கிறீர்களா என்றல்ல, தோழர்களே, கேட்கிறீர்களா என்று!

மடிக்கணினியில் என்.வி.டி.ஏ. என்னும் மென்பொருளை இயக்கினார். திரையில் உள்ள எழுத்தைக் குரலாக்கித் தருவது அது, தமிழும் பேசும். 2006இல் ஆஸ்திரேலியாவில் மைக்கேல் கரன் தொடங்க, ஜேம்ஸ் டே உடன் சேர்ந்து வளர்த்தார். இருவருமே பார்வையற்றவர்கள். விலையின்றி வழங்குகிறார்கள்.

முதற் கோப்பைத் திறந்தார். மௌனம்! பழைய நூலொன்றின் பக்கங்களைப் படம் பிடித்துக் கோத்து அனுப்பியிருந்தேன். கண்ணுக்கு அது எழுத்து. கணினிக்கோ வெறும் படம். அடுத்த கோப்பு, நானே பாமினி எழுத்துருவில் தட்டெழுதியது. 'தமிழ்' என்ற சொல்லில் நிறுத்தி, எழுத்தெழுத்தாகச் சொல்லச் செய்தார். "ஜே, கே, பி, ஓ" என்றது கருவி. அந்த எழுத்துருவில் ஆங்கில எழுத்துக்குத் தமிழ் முகமூடி மாட்டியிருக்கிறது. நாம் முகமூடியைப் பார்க்கிறோம். கருவி அதன் அடியில் உள்ள முகத்தைப் படிக்கிறது. ஆண்டுக்கணக்கில் தமிழ் என்று நான் அனுப்பியது, அவர் செவிக்குத் தமிழாகவே இல்லை!

"விடுதித் தோழர்கள் படித்துக் காட்டுவார்கள், ஐயா. தேர்வு நெருங்கினால் அவர்களுக்கும் படிக்க வேண்டுமே" என்றார். குற்றம் சாட்டும் குரலில் அல்ல. அதுதான் என்னைச் சுட்டது.

உடன் பணிபுரியும் பெரியவரிடம் இதைச் சொன்னேன். "பாவம், அந்தப் பிள்ளையின் தலையெழுத்து" என்று பெருமூச்செறிந்தார். தலையெழுத்தன்று ஐயா, என் எழுத்துரு! முற்பிறவியில் எவரும் செய்த வினையன்று. இப்பிறவியில், சென்ற திங்களில், என் விரல்கள் செய்த வினை.

2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், அரசு மற்றும் அரசு உதவிபெறும் உயர்கல்வி நிறுவனங்களில் 100க்கு 5 இடங்களுக்குக் குறையாமல் ஒதுக்கச் சொல்கிறது. மின்னணு வடிவில் வருவதை அவர்கள் அணுகும் வண்ணம் தரவும் சொல்கிறது. இடத்தைக் கொடுத்துவிட்டு ஏட்டை மறைத்தால், அதற்குப் பெயர் இடஒதுக்கீடா?

துறைக் கூட்டத்தில் ஒருவர் சொன்னார்: "இவ்வளவு தொல்லை என்றால், யாருக்கும் அனுப்பாமல் விட்டுவிடலாமே!" அமெரிக்காவின் பெர்க்லி பல்கலைக்கழகம் அந்த வழியில்தான் சென்றது. பொதுமக்களுக்காக வெளியிட்ட பாடப் பதிவுகளைக் காது கேளாதோர் பயன்படுத்த முடியவில்லை என்று 2016இல் அந்நாட்டு நீதித்துறை சுட்டிக்காட்டிற்று. திருத்தச் செலவாகும் என்று, 2017இல் 20,000க்கும் மேற்பட்ட பதிவுகளைப் பொதுப் பார்வையிலிருந்தே அகற்றியது பல்கலைக்கழகம். ஊருணியில் எல்லோரும் இறங்கலாம் என்றதும் ஊருணியையே தூர்ப்பது நமக்குப் புதிய கதையா? 2022இல் இணையப் பாடங்களை அனைவரும் அணுகத்தக்கதாக்க அதே பல்கலைக்கழகம் நீதித்துறையுடன் உடன்பாடு செய்ய நேர்ந்தது.

மனிதனுக்காகத்தான் எழுத்து என்று 1935இல் பெரியார் எழுத்தைச் சீர்திருத்தினார். அரசு அதை ஏற்க 1978 ஆயிற்று. ஒருங்குறியில் தமிழ் 1991 முதலே இருக்கிறது. நான் அதற்கு மாற இத்தனை காலம் கடத்தியதற்குக் காரணம் சோம்பல். வேறு பெயர் சூட்ட விரும்பவில்லை. பாமினிக் கோப்புகள் சில மாலைப் பொழுதுகளில் மாறிவிட்டன. தலைப்பைத் தலைப்பாகக் குறிக்கவும், படத்துக்குச் சொல்லால் விளக்கம் எழுதவும் பழகிக்கொண்டேன். படப் பக்கங்கள்தாம் பாடுபடுத்துகின்றன. கணினி அவற்றை எழுத்தாக்கும்போது துணைக்காலை ரகரமாக மயங்கிவிடுகிறது. என் கண்ணும் அதைத் தவறவிடுகிறது.

சென்ற கிழமை அவரிடமிருந்து செய்தி வந்தது: "ஐயா, மூன்றாம் பக்கத்தில் 'கரலம்' என்று ஒலிக்கிறது. 'காலம்' தானே?"

காலம்தான். திருத்தி அனுப்பினேன்.