டார்கெட்டும் நர்ஸம்மாவும்

"கவர்மெண்ட் ஆளுங்களுக்கு வேலைக்கு ஏத்த மாதிரி காசக் குடு, இல்லாட்டி சம்பளத்துல கைய வை. எல்லாம் தானா சரியாகும்." டீக்கடை பெஞ்சுல ஆரம்பிச்சு பெரிய பெரிய பேராசிரியர்கள் வரைக்கும் இதச் சொல்றவங்க நிறைய. கேக்க நல்லாத்தான் இருக்கு. எனக்கு உடனே எங்க சித்தி ஞாபகம் வந்துடும்.

சித்தி கிராம சுகாதார செவிலியர். ஊருக்கு நர்ஸம்மா. எண்பதுகள்ல அவங்க வேலைய அளந்தது ஒரே கணக்கு: குடும்பக் கட்டுப்பாடு ஆபரேஷனுக்கு இந்த வருஷம் எத்தனை 'கேஸ்' கூட்டிட்டு வந்தே? (கேஸ்னா மனுஷிங்க!) மார்ச் நெருங்கினா சோறு இறங்காது. மீட்டிங்ல எல்லார் முன்னாடியும் எழுப்பி நிக்க வச்சுக் கேப்பாங்களாம். சம்பளத்த நிறுத்திடுவோம்னு மிரட்டல் வேற.

ஏழாம் மாசத்துல முகமும் காலும் வீங்கிப்போன ஒரு பொண்ண, பிரஷரா இருக்குமோன்னு பயந்து, தானே பஸ் ஏத்தி பெரியாஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போயிருக்காங்க. தாயும் பிள்ளையும் பிழைச்சாச்சு. அதை எழுத ரிஜிஸ்டர்ல கட்டமே கிடையாது. "ஃபீல்டுல ஆளைக் காணோம்"னு மெமோ மட்டும் வந்துச்சு. அதுகூடப் பரவாயில்ல. தடுப்பூசி போடப் போனாலும் 'ஆபரேஷனுக்குப் புடிக்க வந்துட்டா'ன்னு பொம்பளைங்க கதவச் சாத்தினாங்க பாருங்க, அதைத்தான் சித்தியால தாங்க முடியல.

1996 ஏப்ரல்ல இந்த டார்கெட் முறைய நாடு முழுக்க எடுத்தாங்க. இனிமே யார் வேலை செய்வாங்கன்னு அப்போ பயந்தவங்க உண்டு. தேசிய குடும்ப நலக் கணக்கெடுப்புப்படி தமிழ்நாட்டுல ஒரு பெண்ணுக்கு சராசரியா 1992-93ல 2.5 குழந்தை, 2005-06ல 1.8. படிப்பு, கல்யாண வயசுன்னு காரணம் பல இருக்கு. ஆனா டார்கெட் போனதால குடி ஒண்ணும் முழுகல.

எல்லா நர்ஸும் சித்தி மாதிரின்னு சொல்ல வரல. ராஜஸ்தான் உதய்பூர் மாவட்டத்துல துணை சுகாதார நிலையங்கள் பாதி நாளுக்கு மேல பூட்டியே கிடந்துச்சு. அதனால 2006ல சேவா மந்திர்ங்கற தொண்டு நிறுவனமும் சுகாதாரத் துறையும் சேர்ந்து நர்ஸுகளுக்கு தேதி, நேரம் பதியற மெஷின் குடுத்தாங்க. ரொம்ப மட்டம் போட்டா சம்பளத்துல பிடித்தம். ஆராய்ச்சி பண்ணினது அபிஜித் பானர்ஜியும் எஸ்தர் டுஃப்ளோவும், இன்னும் ஒருத்தரும். முதல் சில மாசம் வருகை நல்லாவே கூடுச்சு. அப்புறம் மேலதிகாரிங்களே 'மீட்டிங் போனாங்க, சர்வே போனாங்க'ன்னு விலக்கு நாள் எழுதிக் குடுக்க ஆரம்பிச்சாங்க. ஒன்றரை வருஷத்துக்குள்ள எல்லாம் பழைய நிலைமை.

சித்திகிட்ட இந்தக் கதையச் சொன்னேன். பொறுமையாக் கேட்டுட்டு, "அந்த மெஷின் நர்ஸுக்கு மட்டும்தானா, ஆபீசருக்கும் ஒண்ணு குடுத்தாங்களா?"ன்னாங்க.