ஸ்டிக்கர் சொல்வதும் போர்டு சொல்வதும்

ஜூலை முதல் தேதி கனடா முழுக்க தேசிய நாள். கியூபெக்கில் அது வீடு மாற்றும் நாளும்கூட. வாடகை ஒப்பந்தங்கள் பெரும்பாலும் ஜூன் 30-ல் முடிவதால், மான்ட்ரியலில் அந்த வாரம் தெருவுக்குத் தெரு வண்டி நிற்கும். கூடவே சோபா, மெத்தை, மைக்ரோவேவ் என்று வேண்டாததெல்லாம் நடைபாதைக்கு வந்துவிடும். பார்க் எக்ஸ்டென்ஷன், கோட்-டே-நேஜ் பகுதிகளில் அந்தக் குவியல்களில் பழைய வீடியோ கேம் செட்டுகளும் கிடைக்கும். அவற்றைப் பிரித்து ஓடவைப்பதுதான் என் பைத்தியம்.

சென்னையில் பர்மா பஜார் செட்டுகளோடு வளர்ந்தவனுக்கு இந்தப் பைத்தியம் பிடிக்கக் காரணம் உண்டு. அவை ஃபாமிகாம் என்ற ஜப்பானிய கேம் செட்டின் நகல்கள். திறந்தால் போர்டின் நடுவே ஒரு கறுப்புப் பிசின் பொட்டு, அவ்வளவுதான். யார் செய்தது, எப்போது செய்தது என்று எதுவும் இருக்காது. ஒரிஜினல் செட்டில் ஒவ்வொரு சிப்பும் தன் பெயரையும் வயதையும் முதுகில் எழுதிக்கொண்டு உட்கார்ந்திருக்கும்.

முதலில் சூப்பர் நின்டெண்டோ. வட அமெரிக்காவுக்கு 1991-ல் வந்தது. 1997-ல் சிறிய மாடல் வரும்வரை வெளியே அதே சாம்பல் பெட்டிதான், ஆனால் உள்ளே போர்டு பலமுறை மாறிவிட்டது. ஆரம்பகாலப் போர்டில் ‘எஸ்.எச்.வி.சி-சி.பி.யு-01’ என்று அச்சிட்டிருக்கும். ஒலிக்கான பகுதி தனித் தகரப் பெட்டியாகச் செருகியிருக்கும். பிறகு அது மெயின் போர்டிலேயே சேர்ந்தது. 1995 வாக்கில் படத்தைக் கவனித்த இரண்டு சிப்பும் சி.பி.யு.வும் ஒரே சிப்புக்குள் போயின. சேகரிப்பவர்கள் ‘ஒன்-சிப்’ என்று துரத்துவது இதைத்தான். படம் கூர்மையாக இருக்கும், விலையும் ஏறும். அடியிலுள்ள ஸ்டிக்கரில் சீரியல் நம்பர் ‘யு.என்.3’ என்று தொடங்கினால் ஒன்-சிப்பாக இருக்க வாய்ப்பு அதிகம். வாய்ப்புதான், உறுதி இல்லை. உறுதி வேண்டுமென்றால் 4.5 மில்லிமீட்டர் கேம்-பிட் ஸ்க்ரூ டிரைவர் போட்டுத் திறந்து, போர்டில் ‘1-சிப்’ என்று அச்சிட்டிருக்கிறதா என்று கண்ணால் பார்க்க வேண்டும்.

ஒன்-சிப் மோகம் கொஞ்சம் அதிகம் என்பது என் அபிப்பிராயம். பழைய பிக்சர் டியூப் டிவியில் மஞ்சள் வயரைச் செருகி ஆடுகிறவருக்கு அந்தக் கூர்மை பெரிதாகத் தெரியாது. சில கேம்களில் ஒன்-சிப்பில்தான் படம் பிசகும். கூடுதல் பணத்துக்கு நல்ல கேசட் வாங்கலாம்.

திறந்த பிறகுதான் ருசியான வேலை. பழைய பைக் வாங்கும்போது ஆர்.சி. புக்கையும் சேஸிஸ் நம்பரையும் ஒத்துப் பார்ப்பது போல, ஸ்டிக்கரையும் போர்டையும் சிப்பையும் ஒத்துப் பார்க்க வேண்டும். பல சிப்களில் நான்கு எண் இருக்கும். 9238 என்றால் 1992-ஆம் ஆண்டின் 38-வது வாரம். சிலவற்றில் ஆண்டு ஒற்றை எண்ணாகச் சுருங்கி வெறும் 238 என்றிருக்கும். எல்லாச் சிப்பும் சில மாத இடைவெளிக்குள் பிறந்திருந்தால் செட் அப்படியே தொழிற்சாலையிலிருந்து வந்தது என்று எடுத்துக்கொள்ளலாம். நாலைந்து சிப் 92-லும் ஒன்று மட்டும் 94-லும் பிறந்திருந்தால் நடுவில் யாரோ கை வைத்திருக்கிறார்கள். அந்தச் சிப்பின் கால்களை லென்ஸில் பாருங்கள். தொழிற்சாலை சாலிடர் ஒரே சீராக இருக்கும். கையால் வைத்தது ஒரு காலில் குண்டாகவும் அடுத்ததில் மெலிந்தும், சுற்றிலும் பழுப்பு நிற ஃபிளக்ஸ் கறையோடும் இருக்கும். வரிசையாக ஒரே நிறக் கெப்பாசிட்டர்களுக்கு நடுவே வேறு நிறத்தில் ஒன்று நின்றாலும் அதே கதைதான்.

ஆனால் மேல்மூடி மஞ்சளாகவும் கீழ்மூடி சாம்பலாகவும் இருப்பதை வைத்து ‘இரண்டு செட்டை ஒன்றாக்கிவிட்டான்’ என்று முடிவு கட்டக் கூடாது. அந்த ஏ.பி.எஸ் பிளாஸ்டிக்கின் கலவை எல்லாத் தயாரிப்பிலும் ஒரே மாதிரி இல்லை; ஒரே பெட்டியின் இரண்டு பாதியும் வேறு வேறு வேகத்தில் மஞ்சளாகும். சந்தேகப்பட வேண்டியது சீரற்ற வெளுப்பைத்தான். ஹைட்ரஜன் பெராக்ஸைடு தடவி வெயிலில் வைத்த மூடியில் வரிவரியாகத் திட்டு தெரியும்.

கேம் பாய் அட்வான்ஸ் எஸ்.பி-யில் ஏமாற்று இன்னும் எளிது. 2003-ல் வந்த ஏ.ஜி.எஸ்-001-ல் வெளிச்சம் திரைக்கு முன்னாலிருந்து விழும். பின்னால் வந்த ஏ.ஜி.எஸ்-101-ல் திரைக்குப் பின்னாலிருந்து வரும், விலையும் அதற்குத்தான். ‘101’ ஸ்டிக்கர் ஒட்டிய புது மூடி சல்லிசாகக் கிடைக்கிறது. ஸ்டிக்கரை விட்டுவிட்டு வெளிச்சப் பட்டனை அழுத்திப் பாருங்கள். 001-ல் விளக்கு எரியும், அணையும். 101-ல் அணையாது, மங்கலுக்கும் பிரகாசத்துக்கும் மாறும். அழுத்த அழுத்தப் பல படிகளாகக் கூடிக்கொண்டே போனால் அது பின்னாளில் மாட்டிய ஐ.பி.எஸ் திரை. அதுவும் நல்ல திரைதான், 101 என்று சொல்லி விற்காதவரை. திரையைச் சுற்றி ஸ்க்ரூவை மறைக்கும் சின்ன ரப்பர் பொட்டுகளையும் பாருங்கள். ஒன்றிரண்டு காணாமல் போயிருந்தாலோ, நிறம் மாறியிருந்தாலோ மூடியைக் கழற்றியிருக்கிறார்கள்.

சேகா ஜெனிசிஸ் முதல் மாடலில், கறுப்பு வட்டத்தில் ‘ஹை டெஃபினிஷன் கிராஃபிக்ஸ்’ என்று எழுதியிருப்பதைத்தான் எல்லாரும் தேடுவார்கள். அந்த எழுத்து இருந்தாலும், போட்டவுடன் சேகாவின் உரிமம் பற்றிய வாசகம் திரையில் வந்தால் அது பிந்தைய போர்டு. அந்த வாசகத்தோடு வந்த பூட்டை ஒட்டி எழுந்த சேகா–அக்கலேட் வழக்கில் 1992-ல் அமெரிக்க மேல்முறையீட்டு நீதிமன்றம் அக்கலேட் பக்கம் தீர்ப்பளித்தது. முதல் எக்ஸ்பாக்ஸில் சீரியலின் கடைசி இரண்டு எண் தொழிற்சாலையைச் சொல்லும்: 02 மெக்ஸிகோ, 03 ஹங்கேரி, 05 சீனா. அதைப் படித்து ரசிப்பதற்கு முன்னால் உள்ளே கடிகாரக் கெப்பாசிட்டரைப் பாருங்கள். 1.6 பதிப்புக்கு முந்தைய போர்டுகளில் அது கசிந்து செம்புத் தடங்களைத் தின்றுவிடும்.

இங்கே குளிர்காலத்தில் ஹீட்டர் காற்றை உலர்த்திவிடும். கதவுப் பிடியைத் தொட்டாலே பொறி பறக்கும். கையில் எர்த் பட்டை கட்டாமல் சிப்பைத் தொடக் கூடாது. சென்னை ரிச்சி ஸ்ட்ரீட் மெக்கானிக் யாரும் நினைத்தே பார்த்திராத கவலை இது. மைனஸ் இருபதிலிருந்து உள்ளே கொண்டுவந்த செட்டை உடனே போடவும் கூடாது. ராத்திரி முழுக்க அப்படியே விட்டால்தான் வியர்த்த ஈரம் காயும்.

ரீஃபர்பிஷ்டு என்றதும் முகம் சுளிக்கிறவர்களோடு எனக்கு ஒத்துவராது. வாரன்ட்டியில் திரும்பி வந்து, பழுதான பாகம் மாற்றப்பட்டு, சோதித்து அனுப்பப்பட்ட செட், பரணில் தொடாமல் கிடந்ததைவிட நன்றாக ஓடலாம். எனக்குக் கோபம் வருவது மறைப்பதில்தான். நான் மாற்றும் கெப்பாசிட்டர், வோல்டேஜ் ரெகுலேட்டர் எதுவானாலும் தேதியோடு மூடியின் உட்பக்கம் மார்க்கரில் எழுதிவிடுவேன். வாங்க வருகிறவர்களில் சிலர், அதைப் பார்த்தால் விலை குறையும், அழித்துக் கொடுங்கள் என்பார்கள். அவர்களுக்கு நான் விற்பதில்லை.