இராவேலைக்காரன் நாய்

நாய் வளர்ப்பது பொழுதுள்ளவர்கள் செய்யும் காரியம் என்றே வெகுகாலம் எண்ணியிருந்தேன். 1848-இல் நுவரெலியாவில் குடியேறிய சாமுவேல் பேக்கர் துரை, மரை வேட்டைக்கென்று ஒரு நாய்ப்படையையே வைத்திருந்து, அவற்றின் பராக்கிரமத்தைப் புத்தகமாகவும் எழுதிவைத்தார். அவருக்குப் பொழுதும் இருந்தது, நாய்க்குச் சோறு வைக்க ஆளும் இருந்தது. அட்டன் பக்கத்துத் தோட்டமொன்றின் தேயிலை ஸ்டோரில் இராவேலை செய்த எனக்கு இரண்டும் இல்லை.

மலையிலிருந்து வந்த கொழுந்து மேல்மாடியில் வாடுவதற்கே 12 முதல் 18 மணி நேரம் பிடிக்குமாதலாலும், அதை அரைத்துப் புளிக்கவைக்க இரவின் குளிரே உகந்ததாதலாலும், ஊர் உறங்கும் ஜாமத்தில்தான் ரோலர் சுழலத் தொடங்கும். ஏப்ரல், மே மாதத்து மழையில் கொழுந்து பொங்கிவிட்டாலோ, வீட்டுக்குப் போகும் நேரம் இன்னதென்று எவரும் சொல்ல இயலாது.

இப்படிப்பட்ட நாளில், விறகு லொறியிலிருந்து இறங்கிய ஒரு குட்டி, என் காலைச் சுற்றிக்கொண்டு நாங்கள் குடியிருந்த லயம் வரைக்கும் வந்துவிட்டது. பிள்ளைகள் அதற்கு டைகர் என்று பெயரிட்டார்கள். சிறுத்தையைப் புலி என்றே வழங்கும் எங்கள் தோட்டத்தில், அந்தப் புலி நாயையும் பிடித்துத் தின்னும் என்பதை நினைத்தால், பெயர் வைத்தவர்களின் ஹாஸ்யத்தை மெச்சத்தான் வேண்டும்.

அவிழ்த்துவிட்டால் ஸ்டோர் வாசலில் வந்து நிற்கும். தேயிலை கிடக்குமிடத்தில் நாய்க்கு என்ன வேலையென்று வாச்சர் விரட்டுவார். ஆகவே, ரொட்டியைத் தேத்தண்ணியில் ஊறவைத்துப் பால்டின்னில் போட்டு, பழைய படங்குச் சாக்கை விரித்து, இஸ்தோப்புத் தூணில் சங்கிலியால் கட்டிவிட்டுப் போவேன். கடமையைக் கிரமமாகச் செய்துவிட்டதாக ஒரு திருப்தியும் அடைவேன்.

ஒரு விடியற்காலை திரும்பியபோது தூணில் சங்கிலி மாத்திரம் தொங்கியது. பனியில் நின்றபடியே என் பிராணன் பாதி போய்விட்டது. அப்போது அடுத்த காம்பராக் கதவு திறந்தது. வேலைக்குப் பெயர் பதியும் பிரட்டுக்குப் புறப்பட்டுக்கொண்டிருந்த அக்காவின் காலிடுக்கால் டைகர் பாய்ந்து வந்து, என் சட்டையில் படிந்திருந்த தேயிலைத் தூசியை மோந்து தும்மியது.

"தம்பி, நீ நாய் வளக்குறியா, இல்ல புலிக்கிச் சோறு கட்டி வக்கிறியா?" என்றாள் அக்கா.

கீழ் லயத்து நாயை அன்றிரவு புலி கொண்டுபோயிருந்தது. புலியின்மேல் எனக்குக் கோபமில்லை; காடு சுருங்கிப்போன மலையில் அதுவும் வயிறு வளர்க்க வேண்டுமே. 2020 மே மாதத்தில் நல்லதண்ணிப் பக்கம் கம்பிக் கண்ணியில் அகப்பட்ட கருஞ்சிறுத்தை சில தினங்களில் மாண்டுபோன செய்தியைக் கேட்டு மனம் வருந்தியவர்களில் நானும் ஒருவன். கோபமெல்லாம் அந்தச் சங்கிலியின்மேல்தான். அதை மாட்டிய கை என்னுடையதல்லவா?

அதன்பின் ஓர் ஏற்பாடு தானாகவே அமைந்தது. அக்கா மலையில் கொழுந்தெடுக்கும் பகலில் நாய் என் கட்டிலடியில் கிடக்கும். நான் ஸ்டோரில் நிற்கும் இரவில் அவளது அடுப்படியில் சுருண்டுகொள்ளும். பத்தடிக்குப் பன்னிரண்டடிக் காம்பராவில் ஐந்து பேர் படுத்தது போக மீந்த இடம் அது. எனக்குக் கிடைக்கும் மாதத் தேயிலையில் பாதியை அவளிடம் கொடுத்துவந்தேன். அவள் வேண்டாமென்று சொன்னதுமில்லை, கேட்டதுமில்லை.

வேலையில்லாத இரவுகளிலும் டைகர் என் வாசல்வரை கூடவே வரும். நான் கதவைச் சாத்தித் தாழிடும் சத்தம் கேட்கும்வரை நிற்கும். பிறகு நகம் சிமெந்தில் உரச உரச அக்காவின் காம்பராவுக்கே திரும்பிப் போய்விடும்.