வெட்கத்துக்கு யார் பில் கட்டுவது?

மெடிக்கல் ஷாப்பில் கூட்டம் குறையட்டும் என்று ஓரமாக நின்று, பிறகு குரலைத் தாழ்த்தி, 'ஒண்ணுக்குப் போனா எரியுதுண்ணே, ஏதாவது மாத்திரை குடுங்க' என்று கேட்பவர்களை நீங்களும் பார்த்திருப்பீர்கள். அண்ணனும் கேள்வி கேட்காமல் நாலு மாத்திரையைக் கத்தரித்துக் கொடுப்பார். செஃபிக்சிம் மாதிரி மாத்திரைகளை டாக்டர் சீட்டு இல்லாமல் விற்கக் கூடாது, விற்றால் ரிஜிஸ்டரில் எழுத வேண்டும் என்று 2014-லிருந்து சட்டம் இருக்கிறது. சட்டம் வேறு, கவுன்ட்டர் வேறு!

எரிச்சல் என்றாலே பால்வினை நோய் என்று அர்த்தமில்லை. ஆனால், வெட்டை நோயாக இருந்தால்? டாக்டர்கள் கொனோரியா என்பார்கள். அந்தக் கிருமி லேசுப்பட்டதல்ல. 1930-களில் சல்பா மருந்து வந்தது. பத்து வருஷத்துக்குள் அதற்குப் பெப்பே காட்டிவிட்டது. அடுத்து பென்சிலின். 1976-ல் பென்சிலினையே சிதைக்கிற ரகம் வந்து நின்றது. டெட்ராசைக்ளின், சிப்ரோஃப்ளாக்சசின் என்று வரிசையாக விக்கெட் விழுந்தது. 2018-ல் பிரிட்டனில் ஒருவருக்கு வந்த கிருமி செஃப்ட்ரியாக்சோன், அசித்ரோமைசின் இரண்டையுமே எதிர்த்து நின்றது. வேறொரு மருந்தை நரம்பில் ஏற்றித்தான் குணப்படுத்தினார்கள்.

வேடிக்கை என்னவென்றால், 1943-ல் பென்சிலினுக்குப் பணிந்த சிஃபிலிஸ் கிருமி இன்றுவரை பணிந்தே இருக்கிறது. ஆரம்பத்திலேயே பார்த்துவிட்டால் பெரும்பாலும் ஒரே ஒரு ஊசி போதும். ஆக, கிருமிக்குக் கிருமி மருந்து வேறு. எந்தக் கிருமி என்பதை டெஸ்ட் சொல்ல வேண்டும். கவுன்ட்டரில் ஊகிக்க முடியாது.

பி.காம். படித்தவன் என்பதால் எனக்கு இது கணக்காகத்தான் தெரிகிறது. வெட்கப்படுகிறவர் கணவர். பில் போவது மனைவிக்கு. பெண்கள் பலருக்கு இந்த நோயில் அறிகுறியே இருக்காது. அது பாட்டுக்கு உள்ளே பரவி, கருக்குழாயை அடைத்துவிடலாம். 'இன்னும் ஒண்ணும் விசேஷம் இல்லியா?' என்று ஊர் கேட்பது அவளைத்தான். மாத்திரை வாங்கியவரை யாரும் கேட்பதில்லை.

இன்னொன்று. தனக்கு மட்டும் மருந்து சாப்பிட்டவருக்கு, மனைவியிடமிருந்தே அது திரும்பி வரும். அதனால்தான் இருவருக்கும் சேர்த்து சிகிச்சை, முடிந்து ஏழு நாள் விலகி இருங்கள் என்கிறார்கள் டாக்டர்கள்.

பெரிய அரசு மருத்துவமனைகளில் பால்வினை நோய்க்கென்றே பிரிவு உண்டு. சிகிச்சை இலவசம். அங்கே யாரும் உங்களைப் பார்த்து அதிர்ச்சியடையப் போவதில்லை. டாக்டரிடம் பத்து நிமிஷக் கூச்சம், அவ்வளவுதான். வீட்டில் சொல்வதுதான் கஷ்டம். சண்டை வரும், அழுகை வரும். ஆனாலும் சொல்லித்தான் ஆக வேண்டும். அது அவள் உடம்பு சம்பந்தப்பட்ட விஷயம் சார்!