பெருக்காத மூலை

பறவைகளைப் படம்பிடிக்க விரும்புவோர் வேடந்தாங்கலுக்கும் கூந்தன்குளத்திற்கும் கோடியக்கரைக்கும் செல்வர். நான் செல்வது கும்பகோணத்தை அடுத்த சிற்றூரில் உள்ள எங்கள் வீட்டுக் கொல்லைக்கு. ஒரு கிணறு, துவைகல், இரண்டு தென்னை, முருங்கை, வேலியோரச் செம்பருத்தி, மூலையில் முதிர்ந்த மாமரம் ஆகியவையே அங்கு உள்ளவை. பன்னிரண்டு ஆண்டுகளாக நான் எடுத்த படங்களுள் பெரும்பாலானவை சமையலறைச் சன்னல் வழியே எடுத்தவையே.

காக்கையைப் படம்பிடிப்பது எளிது என்று எண்ணுவோர் ஒருமுறை முயன்று பார்க்கலாம். கரிய பறவை எதிரே நிறைந்து நின்றால், காட்சியே இருண்டிருப்பதாகக் கணக்கிட்டுக் கருவி ஒளியை மிகுத்துவிடும். காக்கை சாம்பல் பூசியதுபோல் வெளிறிவிடும். ஒளியளவைச் சற்றே குறைத்தால்தான் இறகின் கருமையும் அதில் ஓடும் நீல மினுமினுப்பும் படத்தில் வரும்.

ஒரு படம் அழகைக் காட்டும். தேதியிட்ட பல படங்கள் வாழ்க்கையைக் காட்டும். செம்பருத்தியில் தேன் குடிக்கும் ஊதாத் தேன்சிட்டின் இரு படங்கள் என்னிடம் உள்ளன. ஒன்றில் அது உடல் முழுதும் கருநீலமாய் ஒளிர்கிறது. சில மாத இடைவெளியில் எடுத்த மற்றொன்றில், பெட்டையைப் போல மங்கிய மஞ்சள் வயிறும் தொண்டையிலிருந்து நடுமார்பில் இறங்கும் ஒரு கருங்கோடுமாக இருக்கிறது. இரண்டும் ஆண்சிட்டே. இனப்பெருக்கக் காலம் முடிந்ததும் அது பகட்டாடையைக் களைந்துவிடுகிறது. பங்குனியில் கூவத் தொடங்கும் குயிலின் கதையும் அவ்வாறே. பாடும் குயிலைப் பெண்ணாகவே கற்பனை செய்து பழகிய நமக்கு, உரக்கக் கூவுவது கரிய ஆண்குயில் என்பதும், பழுப்புடலில் வெண்புள்ளிகள் கொண்டதே பெண் என்பதும் சற்று ஏமாற்றம் தரலாம். கிணற்றுச் சுவரில் காக்கை ஒன்று தன்னைவிட வேறுபட்ட குயிற்குஞ்சுக்கு ஊட்டும் படத்தை வகுப்பில் காட்டினால், இலக்கணப் பாடம் அன்று அரைமணி நேரம் தாமதமாகும்.

அரிய பறவையைக் கண்டவர் உடனே குறித்து வைப்பார். நாள்தோறும் காணும் மைனாவையும் தவிட்டுக்குருவியையும் யாரும் குறிப்பதில்லை. எனவே அவை குறையும்போதும் யாருக்கும் தெரிவதில்லை. தமிழில் இயற்கையைப் பற்றி எழுதியவரும் கருப்பு வெள்ளைப் படக்கலையில் தேர்ந்தவருமான மா. கிருஷ்ணன் (1912-1996) எளிய உயிர்களையும் பொருட்படுத்தி எழுதியவர். 2002இல் தொடங்கப்பெற்ற இபேர்டு தளத்தில், பொங்கல் விடுமுறைப் பறவைக் கணக்கெடுப்பின்போது பதினைந்து நிமிடம் நின்று எண்ணிய கொல்லைக் காக்கைகளையும் பதிவு செய்யலாம். அறிவியலுக்கு அந்த எண்ணும் தேவை.

எங்கள் கொல்லைக்கு ஐப்பசி மழையோடு ஒரு விருந்தாளி வரும். இமயமலை அடிவாரக் காடுகளிலும் நடு இந்தியக் காடுகளிலும் கூடுகட்டி வாழ்ந்துவிட்டுக் குளிர்காலத்தைத் தெற்கே கழிக்க வரும் அதன் பெயர் ஆறுமணிக் குருவி. பச்சை முதுகு, கண்ணை மூடிய கரும்பட்டை, இறக்கையில் நீலம், அடிவயிற்றில் சிவப்பு, குட்டை வால். காலையும் மாலையும் இருசீர்ச் சீழ்க்கை ஒலிக்கும். பகலில் சருகைப் புரட்டிப் புழு பூச்சிகளைத் தேடும். மாமரத்து நிழலில் ஒளி போதாது. கொல்லைப்படியில் தரையோடு தரையாகக் கருவியை வைத்து, அது தத்திவிட்டு நிற்கும் ஒரு நொடிக்காகக் காத்திருந்து முதற்படத்தை எடுத்தேன்.

அதை அம்மாவிடம் காட்டினேன். "இதுவா அது?" என்று நெடுநேரம் பார்த்தார். அவர் பிறந்த ஊரில் அந்தக் குரல் கேட்டுத்தான் மாலை விளக்கு ஏற்றுவார்களாம். எழுபது ஆண்டுகளாகக் கேட்ட குரலுக்கு அன்றுதான் முகம் கிடைத்தது.

சிக்கலும் அங்கேதான் இருந்தது. பெருக்காத கொல்லை அம்மாவுக்குக் குடும்ப மானம் பற்றியது. விடியுமுன் ஒரு சருகு இல்லாமல் கூட்டிவிடுவார். மறுநாள் விளக்குமாற்றுடன் மாமரத்தடிவரை வந்தவர், "தம்பி, இந்த மூலை இப்படியே கிடக்கட்டுமா?" என்று கேட்டுவிட்டுத் திரும்பிவிட்டார். அண்டை வீட்டார் கேட்டபோது முழங்கால் வலி என்று சொல்லிக்கொண்டார்.

அடுத்த மழையில் கிணற்றடிப் பாசியில் அவர் வழுக்கி விழுந்தார். கையெலும்பு முறிந்தது. கொல்லை முழுவதும் சிமெண்டுத் தளம் போட்டுவிட வேண்டும் என்றான் சென்னையிலிருக்கும் தம்பி. அவன் சொன்னதில் நியாயம் இருந்தது; எண்பது வயதைக் கடந்த தாயின் எலும்புக்கு எதிரே ஒரு குருவியை வைத்து வாதாட எனக்கு வாய் எழவில்லை. கொத்தனார் நூல் பிடித்து அளந்துகொண்டிருந்தபோது, கட்டுப்போட்ட கையுடன் அம்மா வெளியே வந்தார். "வாசற்படியிலிருந்து கிணறுவரைக்கும் போடு. மூணடி அகலம் போதும். நான் நடக்கிறது அவ்வளவுதான். மரத்தடி அதுக்கு வேணும்" என்றார்.

பாதை போட்டபின் அம்மா அதில் சுவரைப் பிடித்துக்கொண்டு நடக்கிறார். மாமரத்துச் சருகு கணுக்கால் அளவுக்குக் குவிந்திருக்கிறது. சென்ற ஐப்பசியில் இரண்டு நாள் அடைமழைக்குப் பிறகு குருவி வந்தது. முதல் மூன்று நாளும் படமெடுக்க வெளிச்சம் இல்லை. நான்காம் நாள் எடுத்த படத்தில் அதன் அலகில் மண்புழு ஒன்று தொங்குகிறது. பின்னால் சிமெண்டுப் பாதையின் விளிம்பு மங்கலாகத் தெரிகிறது.