கழற்றிப் பூட்டிய பற்றரி

துணுக்காயில் அந்தக் கராச்சுக்கு நான் போய்ச் சேர்ந்தபோது, வேப்ப மரத்தடியில் ஒரு சின்ன ஜப்பான் கார் உறுமிக்கொண்டு நின்றது. ஓட்டி வந்த பெடியன் அக்சிலேற்றரில் இருந்து காலை எடுத்தான். இரண்டு முறை குலுங்கி இயந்திரம் நின்றுபோனது.

கார் கனடாவில் இருக்கும் அவனுடைய மாமாவுடையது. போன முறை திரும்பிப் போகையில், பற்றரி இறங்கிவிடக் கூடாதென்று வயரைக் கழற்றி வைத்துவிட்டுப் போயிருக்கிறார். அடுத்த கிழமை வருகிறார் என்று பெடியன் எடுத்துப் பூட்டினான். அன்றிலிருந்து இந்தக் கோலம். "கொம்பியூட்டர் பெட்டி போச்சு எண்டு ஒராள் சொல்லுறார் அண்ணை," என்றான். குரலில் பயம் இருந்தது. வாகன இறக்குமதித் தடை 2020 மார்ச்சில் வந்து 2025 வரை நீடித்ததில், பழைய காரின் ஒரு பெட்டிகூடத் தங்க விலைக்குப் போய்விட்டது.

கராச்சுக்கார அண்ணை ஸ்கானரை எடுக்கவில்லை. பற்றரியின் மறைத் தலையை இரண்டு விரலால் திருப்பிப் பார்த்தார். அசைந்தது. "கையால அசைஞ்சால் அது பூட்டினதில்லை, வைச்சது." வெள்ளையாய்ப் பூத்திருந்ததைச் சுடுநீர் ஊற்றிக் கழுவி, மண்தாளால் தேய்த்து இறுக்கினார். மீற்றர் 12.5 வோல்ற் காட்டியது. பெடியனைக் காலை எடுக்காமல் இருக்கச் சொல்லி ஸ்ரார்ட் செய்தபோது 14.1. பற்றரியும் ஓல்ரனேற்றரும் தப்பின. ஆனாலும் காலை எடுத்ததும் இயந்திரம் நின்றது.

பிறகு காற்றுக் குழாயைக் கழற்றி, ரோச் அடித்து என்னைக் கூப்பிட்டுக் காட்டினார். காற்று போகும் வாயில் ஒரு வட்டத் தகடு. அதன் விளிம்பைச் சுற்றிக் கரி.

அந்தக் கரி பல வருடமாகக் கொஞ்சம் கொஞ்சமாய்ப் படிந்தது. காற்று குறையக் குறைய, கொம்பியூட்டர் தகட்டை ஒரு மயிரிழை கூடுதலாகத் திறந்து சமாளித்து, அந்த அளவை ஞாபகம் வைத்திருந்தது. பற்றரி கழன்றதும் அந்த ஞாபகம் அழிந்தது. இப்போது தகடு புதுக் காரின் அளவுக்கே திறக்கிறது. கரி அடைத்த வழியில் அந்தக் காற்று போதவில்லை. பற்றரியைக் கழற்றியது பழுதை உண்டாக்கவில்லை. இருந்த பழுதைக் காட்டிக் கொடுத்திருக்கிறது. இதை விளங்காமல் நல்ல பெட்டியைக் கழற்றி எறிகிறவர்களை நினைத்தால் எனக்கு மனம் பொறுக்கவில்லை.

துணியைக் கரி கரைக்கும் மருந்தில் நனைத்து, தகட்டை அழுத்தாமல் துடைத்தார். உள்ளே தகட்டைத் திருப்பும் மோட்டரின் பற்கள் உடைந்தால் அதுதான் உண்மையான செலவு. இயந்திரம் சூடேறியதும் லைற், ஏசி எல்லாம் நிறுத்தி, பத்து நிமிடம் ஒருவரும் தொடக்கூடாது என்றார். பிறகு ஏசி போட்டு இன்னும் கொஞ்ச நேரம். முதலில் தடுமாறிய சத்தம் மெல்ல மெல்லச் சீராகி வந்ததை நான் காதால் கேட்டேன். எல்லாக் காருக்கும் இதே முறை சரிவராது, இதற்கு வந்தது.

காத்திருந்த நேரத்தில் தன் கதையைச் சொன்னார். போர் நடந்த தொண்ணூறுகளில் வன்னிக்குள் பற்றரியும் பெற்றோலும் தடை. காபரேற்றருக்குள் கொஞ்சம் பெற்றோல் விட்டு, தள்ளி ஸ்ரார்ட் செய்து, மண்ணெண்ணெயில் ஓட்டிய கார்களில்தான் சிறுவனாக வேலை பழகினார். றேடியோ கேட்கச் சைக்கிள் டைனமோவை மிதித்த காலம். "மாத்தச் சாமான் இல்லை தம்பி. அதால எது உண்மையாப் பழுது எண்டு கண்டுபிடிக்க வேண்டியிருந்தது."

இப்போது சனம் அந்தக் கண்டுபிடிப்புக்குக் காசு கொடுக்கத் தயங்குகிறது. "சாமான் மாத்தினால் கேள்வி இல்லாமல் தருவினம். மாத்தாமல் சரியாக்கினால், துடைச்சதுக்கோ இவ்வளவு எண்டு கேப்பினம்." கேட்கக் கூடாத கேள்வி அது. பெடியன் கேட்கவில்லை, சொன்ன தொகையை இரு கையாலும் கொடுத்தான்.

பற்றரி கழன்றதில் பவர் சட்டரும் ஒரே அழுத்தலில் ஏறவில்லை. கண்ணாடியை முழுக்க இறக்கி, பிறகு ஏற்றி, மேலே முட்டியும் சுவிற்சை விடாமல் சில விநாடி பிடித்திருக்கச் சொன்னார். அதுவும் வழிக்கு வந்தது. றேடியோ மட்டும் ஜப்பான் எழுத்தில் இரகசிய இலக்கம் கேட்டபடி இருந்தது.

அந்த நேரம் கனடாவில் இருந்து அழைப்பு. அண்ணை ஒன்றும் விளக்கவில்லை. பெடியனின் கைபேசியை வாங்கி, திறந்திருந்த பொனற்றுக்குள், இயந்திரத்துக்குப் பக்கத்தில் பிடித்துக்கொண்டு நின்றார்.